ஓட்டுமேட்டில் எடுத்த துண்டு

பிரான்சிஸ்கா லெம்பேட்டின் வீட்டுப் படலையில் ஒருகாலத்தில் "டொக்டர் பி. லெம்பேட்" என்று ஒரு பலகை தொங்கியது. படுக்கையில் கிடந்த அவளுடைய அண்ணன் பெருமைக்காக ஆள்விட்டு எழுதுவித்து மாட்டுவித்தது அது. அதைப் பார்த்துவிட்டுக் காய்ச்சல்காரரும் வயிற்றுவலிக்காரரும் வரத் தொடங்கவே, மூன்றாம் மாதமே அவள் அதைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டாள். பலகை போனாலும் பெயர் போகவில்லை. மன்னார்ப் பட்டினத்தில் அவள் டொக்டரம்மாதான்.

அவள் படித்தது மருந்தல்ல, பழைய கிரேக்கரின் மண்பாண்டங்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தவரின் மகள், கொன்வென்ரில் படிக்கும்போது பங்குச்சாமியிடம் லத்தீன் கற்று, அதைப் பிடித்துக்கொண்டு பேராதனைக்குப் போய்க் கிரேக்கம் படித்து, புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்துக்குக் கப்பலேறி டொக்டர் பட்டமும் எடுத்தாள். அங்கே பழம்பொருள் நூதனசாலை ஒன்றின் நிலவறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தாள். கிரேக்கப் பாண்டம் என்றால் எல்லாருக்கும் ஞாபகம் வருவது படம் தீட்டிய பாண்டங்கள்தான். தேர், குதிரை, ஈட்டி பிடித்த வீரன். அவற்றுக்குப் பெரிய பெரிய பேராசிரியர்கள் இருந்தார்கள். பிரான்சிஸ்காவுக்குக் கிடைத்தவை படமில்லாத வெறும் கறுப்புக் கிண்ணங்கள். அன்றாடம் குடித்து, கழுவிக் கவிழ்த்து, உடைந்தால் வீசிவிட்ட கிண்ணங்கள். அவள் குறைப்படவில்லை. ஒரு கிண்ணத்தின் அடி வளையத்தைக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் போதும், அது எந்தப் பத்தாண்டில் சூளையை விட்டு வந்தது என்று சொல்லிவிடுவாள். இந்த உலகத்தில் அதைச் சொல்லக்கூடியவர்கள் அப்போது ஐந்தாறு பேர்தான் இருந்தார்கள்.

எண்பத்தைந்தில் அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்தது. மூன்று மாத லீவில் வந்தவள் திரும்பிப் போகவேயில்லை. அவனைப் பார்க்க வேறு ஆளில்லை. அவன் பத்து வருடம் படுக்கையில் கிடந்தான். தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடுவது முன்னரே நின்றிருந்தது, அதற்குள் ரயிலும் நின்றது, தீவு இரண்டு மூன்று கை மாறியது, பட்டினத்துச் சோனக முஸ்லிம் சனத்தை ஒரு கிழமைக்குள் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். பிரான்சிஸ்காவின் நூதனசாலை அவளுக்கு ஓய்வு என்று கடிதம் எழுதியது. அண்ணன் இறந்தபோது அவளுக்கு அறுபது. போவதற்கு இடமும் இல்லை, போவதென்றால் எடுக்க வேண்டிய பயணப் பாஸ்களை நினைத்தாலே களைப்பாகவும் இருந்தது. ஆறு பெட்டிப் புத்தகங்களோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

பேச்சியம்மா அவளிடம் வந்தது தொண்ணூற்றெட்டில், ஆமி மன்னார் வீதியைப் பிடித்த அடுத்த வருடம். உயிலங்குளத்துக்கு அப்பால், மலைநாட்டிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் ஓடிவந்தவர்களைக் குடியேற்றிய ஒரு கிராமத்தில் அவள் இருந்தாள். சனிக்கிழமைகளில் கீரைக்கட்டுகளோடு பட்டினச் சந்தைக்கு வருவாள். அன்றைக்கு அவள் இடக்கையில் ஒரு பழஞ்சேலைத் துண்டைச் சுற்றியிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில சனம் நெறையங்கம்மா. இங்க ஒரு டாக்டரம்மா இருக்காங்கன்னாங்க. சும்மா ஒரு மருந்து வச்சுக் கட்டிவிட்டா போதும்" என்றாள்.

"நான் அந்த டொக்டர் இல்லை பிள்ளை" என்று பிரான்சிஸ்கா வழக்கம்போலச் சொன்னாள். ஆனால் துணியில் இரத்தம் ஊறியிருந்ததைப் பார்த்து உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, சுடுதண்ணீரும் டெற்றோலும் கொண்டுவந்தாள். வெட்டு ஆழமாக இருந்தது. உள்ளே ஏதோ சிறிய துணிக்கை இருந்தது. அதைச் சவணத்தால் எடுத்தபடியே, "என்ன வெட்டினது?" என்று கேட்டாள்.

"ஓடுங்க. பானை ஓடு. ஓட்டுமேட்டுல மண்மூடை கட்டுறோமில்ல, அங்க."

ஓட்டுமேடு என்ற பெயரைப் பிரான்சிஸ்கா கேள்விப்பட்டதில்லை. பேச்சியம்மா சொன்னாள். வங்காலைப் பக்கம் போகிற வழியில், வயலுக்கு நடுவில் ஒரு மண்மேடு. மழை பெய்தால் ஓடு ஓடாகக் கிளம்பும். அதனால் அந்தப் பேர். இப்போது அதன்மேல் ஒரு ஆமி முகாம் வந்திருக்கிறது. கிராமத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் போய் மேட்டை வெட்டிக் காவலரணுக்கு மூடைகளில் அள்ளிக் கட்டிக் கொடுக்க வேண்டும்.

"என்ன மாதிரி ஓடுகள்?"

"எல்லா மாதிரியுங்க. செவப்பு, சாம்பல். கறுப்பும் இருக்கு."

"அடுப்புக் கரியால கறுத்ததோ?"

பேச்சியம்மா கொஞ்சம் யோசித்தாள். "இல்லீங்க. கரின்னா கையில ஒட்டும். இது எண்ணெ தடவுன மாதிரி மினுக்கும். ஒடச்சாலும் உள்ள செவப்பு."

பிரான்சிஸ்காவின் கையிலிருந்த சவணம் நின்றுவிட்டது.

பக்கத்திலிருந்த மாந்தைத் துறைக்கு ஒருகாலத்தில் மேற்கிலிருந்து கப்பல்கள் வந்தன என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். உரோமர் வந்தார்கள், அரபிகள் வந்தார்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவளுடைய கறுப்புக் கிண்ணக்காரரின் காலத்தில், இந்தக் கரைக்கு ஏதாவது வந்து சேர்ந்ததா என்பதற்கு அவள் அறிந்தவரையில் ஒரு துண்டும் இல்லை. கறுப்பாக மினுங்கும் பாண்டம் இந்தியாவிலும் செய்தார்கள்தான். ஆனால் அதன் உள்ளுடம்பு சாம்பல் நிறம். உடைத்தால் சிவப்பு என்று இவள் சொல்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை பேச்சியம்மா சொன்னபடியே ஒரு துண்டு கொண்டுவந்தாள். ஒரு சதக்குற்றிக் காசளவுதான் இருக்கும். பிரான்சிஸ்கா அதை யன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தாள். கறுப்பு சரியாக இருந்தது. ஆனால் எப்போதோ நெருப்பில் விழுந்து ஒரு பக்கம் வெந்திருந்ததால் உள்நிறத்தை வைத்து முடிவு சொல்ல முடியவில்லை. கிண்ணத்தின் சுவர்த் துண்டு வேறு. சுவர் எல்லா ஊரிலும் சுவர்தான். அடி வேண்டும்.

"இந்த மாதிரி வட்டமா, வளையம் வச்ச துண்டு கிடைச்சால் எடுத்து வையுங்கோ" என்று தன் புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டினாள். பிறகு, வாழ்நாள் முழுக்கச் செய்த பழக்கத்தில் இன்னொன்றும் சொன்னாள். "எந்த இடத்தில எடுத்ததெண்டும் எனக்குத் தெரிய வேணும். இடம் தெரியாட்டி அது பாதி ஓடுதான்."

"நான் எப்பிடிங்கம்மா சொல்றது? எல்லாம் ஒரே மண்ணு."

"அதுக்கு ஒரு வழி இருக்கு."

கலண்டர் தாளொன்றைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பிரான்சிஸ்கா ஒரு பெரிய சதுரம் கீறினாள். வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். வாசலிலிருந்து புளியமரத்துக்கு எத்தனை எட்டு? மரத்திலிருந்து தண்ணீர்த் தாங்கிக்கு? பேச்சியம்மா கண்ணை மூடி, மனத்துக்குள்ளே நடந்து பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிரான்சிஸ்கா அவற்றைக் குறித்து, சதுரத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, வடக்குத் திசைக்கு ஒரு அம்புக்குறியும் போட்டாள். துண்டு எடுத்த கட்டத்தில் ஒரு கோடு இழுத்தால் போதும். பேச்சியம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவள். அவளுக்கு இந்தக் காரியம் பிடித்துவிட்டது. "இதென்னங்க, நாயும் புலியும் ஆடுற கட்டம் மாதிரி" என்று சிரித்தாள். தாளை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

ஒரு முகாமின் படத்தைத் தான் கீறிக் கொடுத்திருக்கிறோம் என்று பிரான்சிஸ்காவுக்கு அப்போது தோன்றவேயில்லை. பதின்மூன்று வருடம் அந்தத் தீவில் இருந்தவள், ஒரு துண்டுக் கடதாசிக்காக ஆட்கள் காணாமற்போன கதைகளைக் கேட்டவள், அவளுக்கா தெரியாது? தெரியும். ஆனால் அந்த அரை மணித்தியாலம் அவள் மன்னாரில் இருக்கவில்லை. அவளுக்கு முன்னால் இருந்தது வெறும் ஒரு மேடு. அதற்குமேல் கம்பிவேலியோ சென்றிக் காவலோ இருக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை பேச்சியம்மா வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து பிரான்சிஸ்கா வீட்டுக்கு வந்தபோது படலையடியில் ஒரு மனிதர் துவாயைத் தோளில் போட்டபடி குந்தியிருந்தார். பேச்சியம்மாவின் புருஷன் காத்தமுத்து. அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"எங்காளை நேத்து சென்றியில புடிச்சிட்டாங்கம்மா. பொட்டியத் தொறந்து பாத்துருக்காங்க. உள்ள ஓடும் ஒரு தாளும் இருந்துச்சாம். தாளுல ஆமிக் காம்பைக் கீறியிருக்குதாம்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நீங்க குடுத்த தாளுன்னு அவ எங்கிட்டச் சொல்லியிருந்தா. அதான் வந்தேன்."

பிரான்சிஸ்கா படலையைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டாள். "அது காம்பின்ர படம் இல்லை" என்றாள்.

"எனக்குத் தெரியுங்க" என்றார் காத்தமுத்து. "அவங்களுக்குச் சொல்லணும்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவள் போனாள். தீவைக் கரையோடு இணைக்கும் தாம்போதிப் பாலத்திலும் தள்ளாடியிலும் சோதனைக்கு இறங்கி ஏறி, பேச்சியம்மாவை வைத்திருந்த உயிலங்குளம் சோதனைச்சாவடிக்குப் போய்ச் சேர ஒன்பது மணியாயிற்று. கைப்பையில் அவளுடைய இரண்டு புத்தகங்களும் நூதனசாலைக் கடிதங்களும் இருந்தன. சாவடியில் விஷயத்தைச் சொன்னபோது, ஒரு தகரக் கொட்டிலைக் காட்டி இருக்கச் சொன்னார்கள். அங்கே ஏற்கனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பக்கத்திலிருந்த பெண் மகனைத் தேடி வந்தவள். எட்டாவது நாளாக வருகிறாளாம். அவள் பிரான்சிஸ்காவிடம் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு இளம் கப்டன் இருந்தான். முப்பது வயதுகூட இராது. அவள் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியதும் எழுந்து கதிரையை இழுத்துப் போட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் யார், என்ன படித்தவள், கட்டம் போட்டு ஓடு பொறுக்குவது உலகம் முழுக்க எப்படி நடக்கிறது, அந்தத் தாளைக் கீறியது யார். புத்தகத்தைத் திறந்து, அகழாய்வுக் குழிகளின் கட்டப் படங்களைக் காட்டினாள். அவன் பக்கம் பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். பிறகு மேசை லாச்சியிலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்து மேசையில் கொட்டினான்.

நாலைந்து சாதாரணச் சிவப்பு ஓடுகள் விழுந்தன. அவற்றோடு ஒரு கறுப்புத் துண்டு உருண்டு வந்து புத்தகத்தில் முட்டி நின்றது. வளையம் வைத்த துண்டு.

"நீங்கள் தேடியது இதுதானா?" என்று கப்டன் கேட்டான்.

அவள் அதைத் தொடாமல் இருந்திருக்கலாம். ஒரு மனுஷி உள்ளே அடைபட்டிருக்க, அவளை விடுவிக்கக் கெஞ்ச வந்தவள் தொடாமல் இருந்திருக்க வேண்டும். கை போய்விட்டது. அவள் அதை எடுத்துப் புரட்டினாள். உடைந்த விளிம்பில் செம்மஞ்சள் நிறம், மாவரைத்ததுபோல மென்மை. அடிப்பக்கம் கறுப்புப் பூசாமல் விட்டு, நடுவில் ஒரு சிறு வட்டம், வட்டத்துக்குள் ஒரு புள்ளி. பெருவிரல் தானாகவே வளையத்தின் சரிவில் ஓடியது. அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஏதென்ஸ் நகரத்துக் களிமண். இரண்டாயிரத்து நானூறு வருடம், பத்திருபது முன்பின்.

"ஓம்" என்றாள், ஆங்கிலத்தை மறந்து. பிறகு, "ஆம், இதுதான்" என்று அவனுக்குப் புரியும்படி சொன்னாள்.

"பெறுமதியானதா?"

"விற்பதற்கென்றால் ஒன்றுமில்லை."

அவன் துண்டைக் கேட்டு வாங்கி, தானும் புரட்டிப் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டான். "மடம், நான் உங்களை நம்புகிறேன். நானும் பள்ளிக்கூடத்தில் வரலாறு விரும்பிப் படித்தவன்தான். ஆனால் இது நேற்றே வவுனியாத் தலைமையகத்துக்கு அறிவிக்கப்பட்டுவிட்டது. முகாமின் வரைபடம், தூரங்களோடு, ஒரு தினக்கூலிப் பெண்ணிடம். அவளிடம் அடையாள அட்டைகூட இல்லை."

"அவர்கள் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களில் கனபேருக்கு இல்லை."

"தெரியும். ஆனால் காகிதத்தில் அது எப்படி இருக்கும் என்று பாருங்கள்."

"நான் எழுதித் தருகிறேன். படம் என்னுடையது என்று கையெழுத்து வைக்கிறேன்."

கப்டன் உறையை லாச்சிக்குள் வைத்து மூடினான். "தரலாம். நீங்கள் தந்தால் நான் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் மேலே இருப்பவர்கள் அதை எப்படி வாசிப்பார்கள் என்று சொல்கிறேன். வெளிநாட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்த ஒருவர், முகாமுக்குள் வேலை செய்யும் பெண்ணைப் பிடித்துப் படம் கீறப் பழக்கியிருக்கிறார். இப்போது ஒரு ஆள் உள்ளே. அப்போது இரண்டு பேர். அவளுக்கு அதனால் நன்மை வருமா என்று எனக்குத் தெரியாது. யோசித்து வாருங்கள்."

அவன் மிரட்டவில்லை. உண்மையிலேயே அவளுக்காகத்தான் சொன்னான். அது அவளுக்கு விளங்கியது. விளங்கியதால்தான் எழுந்தாள். சாவடி பூட்டும் நேரமும் ஆகியிருந்தது. கடைசி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவள் போகவில்லை. காலையில் தேத்தண்ணி வைத்தாள், குடிக்கவில்லை. பங்குச்சாமியிடம் போய்க் கேட்கலாம் என்று சேலை உடுத்தாள். ஆனால் சாமி போகச் சொல்லிவிட்டால் போயேதான் தீர வேண்டும் என்று தோன்றியதும் மறுபடி கதிரையில் இருந்துவிட்டாள். கப்டன் சொன்னதில் நியாயம் இருந்தது. தான் உள்ளே போனால் வெளியிலிருந்து கடிதம் எழுத யார் இருக்கிறார்கள் என்பதிலும் நியாயம் இருந்தது. இப்படி அவள் நாள் முழுக்க நியாயங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது பயம் என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. அறுபத்துமூன்று வயதில், ஒரு அறைக்குள் இருத்தி வைத்துத் தன்னை யாரோ அடிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. பேச்சியம்மாவுக்கு முப்பத்தெட்டு. அவளை அடிப்பதை மட்டும் நினைத்துப் பார்க்க முடிந்ததா என்று கேட்டால், அதையும் அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள்.

புதன்கிழமை ஏதோ தேடுதல் என்று பாலத்தையும் வீதியையும் மூடிவிட்டார்கள். பஸ் ஓடவில்லை. அதைக் கேட்டபோது அவளுக்கு முதலில் வந்தது ஆறுதல். அந்த ஆறுதலை அவள் பிறகு தனக்கு மன்னிக்கவேயில்லை.

வியாழக்கிழமை அவள் போனாள். வாக்குமூலத்தை இரவிரவாக ஆங்கிலத்தில் மூன்று பக்கம் எழுதி முடித்திருந்தாள். கப்டன் அதே கதிரையில் இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான், ஆனால் இந்தமுறை இருக்கச் சொல்லவில்லை.

"நேற்றுக் காலை வவுனியாவுக்கு அனுப்பிவிட்டோம் மடம். அங்கிருந்து கொழும்புக்குப் போவார்கள் என்று நினைக்கிறேன்."

"வீதி மூடியிருந்ததே."

"எங்களுக்கு மூடவில்லை."

அவள் தாள்களை நீட்டினாள். அவன் வாங்கி வாசித்தான். கடைசிப் பக்கத்தின் கீழே முத்திரை குத்திக் கையெழுத்து வைத்தான். அதைக் கோப்போடு சேர்க்க அனுப்புவதாகச் சொன்னான். அவன் அனுப்பியிருப்பான் என்றே அவள் பின்னாளிலும் நம்பினாள். ஆனால் அந்த மூன்று பக்கத்தைப் பற்றி அவளிடம் ஒருவரும் எப்போதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பேச்சியம்மாவை விடவுமில்லை, பிரான்சிஸ்காவைப் பிடிக்கவுமில்லை. இரண்டு நாள் அவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்கவேயில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் அவள் கடிதம் எழுதினாள். ஆயருக்கு, மனித உரிமைக்காரருக்கு, செஞ்சிலுவைக்கு, இங்கிலாந்தில் தன்னோடு வேலை செய்தவர்களுக்கு. செஞ்சிலுவைக்காரர் ஒருமுறை வந்து, பேச்சியம்மாவைக் கொழும்பில் ஒரு தடுப்பு முகாமில் கண்டதாகவும் சுகமாக இருப்பதாகவும் சொல்லி, ஒரு சிறு கடிதம் கொடுத்தார்கள். காத்தமுத்துவுக்கு எழுதியது. அவருக்கு வாசிக்கத் தெரியாததால் பிரான்சிஸ்காதான் வாசித்துக் காட்டினாள். ஆட்டுக்குட்டியை விற்க வேண்டாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று இருந்தது. பிரான்சிஸ்காவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இங்கிலாந்திலிருந்து பழைய தோழி ஒருத்தி இரக்கத்தோடு பதில் எழுதினாள். கடைசி வரியில், அந்தத் துண்டின் குறுக்குவெட்டைக் கீறி அனுப்ப முடியுமா, அப்படி ஒன்று அங்கே கிடைத்தது உண்மையானால் எவ்வளவு பெரிய செய்தி என்று கேட்டிருந்தாள். பிரான்சிஸ்கா அந்தக் கடிதத்துக்கு மறுமொழி போடவில்லை.

இதற்கிடையில் ஓட்டுமேடும் கரைந்துகொண்டு வந்தது. உயிலங்குளத்துக்குப் போகும் வழியெல்லாம் புதிது புதிதாகக் காவலரண்கள் எழும்பின. மண் அங்கிருந்துதான் வந்தது. மாரி மழையில் மூடைகள் கிழிந்து ஒழுகியபோது அவற்றின் வாயில் ஓட்டுத் துண்டுகள் தெரிந்தன. பஸ்ஸில் போகும்போது அவள் மற்றப் பக்க யன்னலில் இருக்கப் பழகிக்கொண்டாள்.

மறுவருடம் ஆவணியில், மடுத் திருவிழாவுக்குச் சனம் போய்க்கொண்டிருந்த கிழமையில், பேச்சியம்மாவை விட்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. ஒரு கடதாசி கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அவள் வந்து மூன்றாம் நாள் பிரான்சிஸ்கா போனாள். பாணும் சீனியும் பால்மாவும் வாங்கிப் போயிருந்தாள். அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பேச்சியம்மா வாசலில் பாய் போட்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். சுளகைப் பிடித்த இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருந்தன.

"வாங்கம்மா. இருங்க" என்றாள். உள்ளே திரும்பி மகளிடம் தேத்தண்ணி வைக்கச் சொன்னாள்.

பிரான்சிஸ்கா பாயின் ஓரத்தில் இருந்தாள். கொண்டுவந்தவற்றைப் பக்கத்தில் வைத்தாள். "நான் உடன வந்து சொல்லியிருக்க வேணும். ரெண்டு நாள் பிந்திப்போனன். பயத்தில" என்றாள்.

பேச்சியம்மா அரிசியிலிருந்த கல்லைப் பொறுக்கி எறிந்தாள். "அந்தத் துண்டு சரியானதுதானுங்களா?" என்று கேட்டாள்.

"எது?"

"வளையம் வச்சதும்மா. நீங்க படத்துல காட்டுனது. புடிபட்டதுக்கு மொத நாளுதான் கெடச்சுச்சு. சரியாத்தான் எடுத்தேனான்னு அங்க கெடக்கயில யோசிப்பேன்."

"சரியானதுதான். நான் கையில வச்சுப் பாத்தனான். அதேதான்."

பேச்சியம்மா தலையை ஆட்டினாள். "அங்க கேட்டாங்க, இது என்னா சாமான்னு. ஓடுன்னு சொன்னேன். ஓட்டை எதுக்குக் கொண்டுபோறே, இது எதுக்கு அடையாளம், பேரு என்னா, பேரச் சொல்லுன்னு ஒவ்வொரு தடவையும் அதேதான். எனக்குப் பேரு தெரியலீங்க. நீங்க சொல்லவே இல்லையே. ஏதோ மறைக்கிறேன்னு நெனச்சாங்க."

பிரான்சிஸ்கா அவளைப் பார்த்தாள். அது உண்மை. எந்தத் துண்டு வேண்டும், எங்கே எடுக்க வேண்டும், எப்படிக் கோடு இழுக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தவள், அது என்ன, யார் செய்தது, தனக்கு ஏன் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால் விளங்காது என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதுகூட இல்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

"இப்ப சொல்லுங்க. என்னா பேரு?"

"கைலிக்ஸ்" என்றாள் பிரான்சிஸ்கா. "குடிக்கிற கிண்ணம். கிரேக்க தேசத்தில, ஏதென்ஸ் எண்ட ஊரில செய்தது. கப்பலில கைமாறிக் கைமாறி இஞ்ச வந்திருக்கும்."

பேச்சியம்மா அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். முதல் இரண்டுமுறை வரவில்லை. மூன்றாம்முறை ஏறக்குறைய வந்தது. பிறகு சுளகை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "இதச் சொல்லியிருந்தா மட்டும் விட்டிருக்கவா போறாங்க" என்றாள். பிரான்சிஸ்காவுக்கு ஆறுதல் சொல்வதுபோலத்தான் அது கேட்டது. அந்த ஆறுதலை அவளுக்குத் தாங்க முடியவில்லை. தேத்தண்ணி வந்தது. இருவரும் குடித்தார்கள்.

புறப்படும்போதுதான் பேச்சியம்மா தனக்கு வேண்டியதைக் கேட்டாள். அடையாள அட்டை இல்லாதபடியால் அங்கே அவளைக் கூடுதல் நாள் வைத்திருந்தார்கள் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்களாம். மறுபடி சென்றியில் நிறுத்தினால் காட்ட அவளிடம் விடுதலைக் கடதாசி மட்டும்தான் இருக்கிறது. அதைக் கண்டாலே மறுபடி பிடித்துவிடுவார்கள். அட்டை எடுக்க உதவ முடியுமா?

இதையாவது செய்யலாம் என்று பிரான்சிஸ்கா நினைத்தாள். செவ்வாய்க்கிழமை இருவரும் அட்டை விண்ணப்பம் எடுக்கும் கந்தோருக்குப் போனார்கள். அங்கிருந்த உத்தியோகத்தர் வயதானவர், பொறுமையானவர். பிறப்புப் பத்திரம் கேட்டார். இல்லை. பிறந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து கடிதம்? கலவரத்தில் லயத்து வீட்டோடு எல்லாம் எரிந்துவிட்டது. பிரஜாவுரிமைப் பத்திரம்? பேச்சியம்மாவின் அப்பா விண்ணப்பம் போட்டிருந்தார், பதில் வருமுன் இங்கே ஓடிவந்துவிட்டார்கள்.

"அப்ப ஆளை நல்லாத் தெரிஞ்ச, படிச்ச ஒராள் சத்தியக் கடதாசி குடுக்கலாம்" என்றார் உத்தியோகத்தர்.

"நான் குடுக்கிறன்" என்றாள் பிரான்சிஸ்கா.

"எவ்வளவு காலமா இவவைத் தெரியும்?"

"ஒண்டேகால் வருசமா."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "அஞ்சு வருசம் வேணும் மிஸ்." விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார். பொய் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார் என்பது அவளுக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பி உள்ளே பார்த்தாள். அவர் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நான் அஞ்செண்டு சொல்லியிருக்க வேணும்" என்றாள்.

"பரவாயில்லங்கம்மா." பேச்சியம்மா வெயிலுக்குச் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். "முருங்கன்ல ஒரு சமாதான நீதவான் இருக்காராம். நல்லவரு, சத்தியக் கடதாசிக்குக் கையெழுத்து வச்சுக் குடுப்பாருன்னு சொல்றாங்க. அவருகிட்டப் போய்ப் பாப்போமா?"

முருங்கன் பஸ் எத்தனை மணிக்கு என்று இருவருக்கும் தெரியவில்லை. வீதியோரத்து வேப்பமரத்தின் கீழே போய் நின்றார்கள். பேச்சியம்மா விண்ணப்பத்தாளை மடிக்காமல், சுருட்டிக் கையில் பிடித்திருந்தாள்.